ஒரு மலை, இரண்டு பக்கம்



தி.நகரில் எந்த டிராவல்ஸ் அலுவலகத்தில் கேட்டாலும் மலேசியா டூர் திட்டத்தில் பத்துமலை கட்டாயம் இருக்கும். பஸ் கொண்டுபோய் இறக்கிவிடும். வழிகாட்டி முக்கால் மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம் கொடுப்பார். 140 அடி உயர முருகன் சிலைக்கு முன்னால் குடும்பப் படம், 2018இல் வானவில் நிறங்கள் பூசிய 272 படிகள், மேலே குகை, தரிசனம், இறங்கியதும் ஒரு இளநீர், மறுபடியும் பஸ். அதன் பிறகு சாக்லேட் கடை, இரட்டைக் கோபுரம். மயிலாப்பூரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் போகிற பல குடும்பங்களுக்கு இந்த அவசரத்தில் ஒரு விஷயம் தெரியாமலே போய்விடுகிறது. அதே சுண்ணாம்புக்கல் மலையின் இன்னொரு பக்கத்தில், டாமாய் என்கிற பகுதியில், ஆட்கள் கயிறு கட்டிக்கொண்டு செங்குத்துப் பாறையில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். முதல் தடவையாக ஏறுகிறவர்களுக்கும் அங்கே வழிகள் உண்டு. சின்னக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வெளிநாடு போகிறவர்கள், முருகனைக் கும்பிட்ட கையோடு அந்தப் பக்கத்துக்கும் ஒரு காலைப் பொழுதை ஒதுக்க வேண்டும். அதற்காக டூர் தாளில் இருக்கிற நாலைந்து இடங்களைத் தாராளமாக அடித்துவிடலாம். இதுதான் என் கட்சி.

வீரத்தை வளர்ப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஆறேழு வயதுக் குழந்தை ஒரு இடத்தை எப்படிப் பார்க்கிறது என்பதிலிருந்துதான் யோசிக்க வேண்டும். இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர். நமக்கு அது பிரமிப்பு. குழந்தைக்கோ அது கழுத்தை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, ‘சிரிடா’ என்று யாரோ அதட்ட, போட்டோவுக்கு நிற்க வேண்டிய ஒரு இடம். சுற்றிப் பார்ப்பது என்கிற ஏற்பாடே பெரியவர்களின் கண்ணுக்காகச் செய்தது. முன்பே படித்தது, சினிமாவில் பார்த்தது, ஊரில் கேள்விப்பட்டது எல்லாம் மனதில் இருந்தால்தான் நேரில் பார்ப்பதில் ருசி. குழந்தைக்கு அந்த முன்கதை கிடையாது. அதன் கைக்கு எட்டுவது என்ன, கால் வைக்க முடிவது எங்கே என்பதுதான் அதற்கு ஊர். சுண்ணாம்புக்கல் பாறை இந்த விஷயத்தில் பெரிய உபகாரி. பத்துமலையின் பாறை சுமார் 40 கோடி ஆண்டுப் பழமை கொண்டது. மழைநீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் குழிகளும் பொந்துகளும் விளிம்புகளுமாக விட்டிருக்கிறது. விரலை உள்ளே விட்டால் குழி குளிர்ச்சியாக இருக்கும், அதன் ஓரம் சுருக்கென்று குத்தும். ‘இந்த ஓட்டையை யார் போட்டது?’ என்ற கேள்வி அந்த நிமிஷத்தில் தானாக வரும். தண்ணீர் போட்டது என்ற பதிலைக் கேட்ட குழந்தைக்கு, கோயில் இருக்கிற பெரிய குகை எப்படி உண்டாயிற்று என்பதற்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

உடனே வருகிற ஆட்சேபம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குழந்தையைப் பாறையில் ஏற்றுவதா, கீழே விழுந்தால் என்ன ஆவது? இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நாம் எதற்குப் பயப்படுகிறோம், எதற்குப் பயப்படுவதில்லை என்று கொஞ்சம் பாருங்கள். பத்துமலைப் படிகள் செங்குத்தானவை. மழை பெய்தால் வழுக்கும். கூட்டம் நெருக்கும், குரங்கு கையிலிருக்கும் பையைப் பிடுங்கும். அந்தப் படிகளில் நாலு வயதுக் குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் செல்போனோடு ஏறுகிறோம். யாரும் அதை ஆபத்து என்று சொல்வதில்லை. அது கோயில், பழகிய காரியம். தம்புசாமிப் பிள்ளை என்பவர் அங்கே கோயிலை நிறுவியது 1890ஐ ஒட்டிய காலத்தில். தைப்பூசம் 1892 முதல் நடக்கிறது. குகைக்கு மரப்படிகள் வந்ததோ 1920இல். அதாவது, படிகள் வருவதற்கு முன்பே பக்தர்கள் அந்த மலையில் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். பழக்கம் ஒரு ஆபத்தைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது, பழகாத ஒன்றை ஊதிப் பெரிதாக்குகிறது.

கயிற்றில் ஏறுவது எப்படி என்று விவரமாகச் சொன்னால் பயம் சரியான அளவுக்கு வரும். புதிதாக ஏறுகிறவர்களுக்குக் கயிறு முன்கூட்டியே பாறையின் உச்சியில் மாட்டப்பட்டிருக்கும். கிணற்று ராட்டினம் மாதிரி. ஒரு முனை குழந்தையின் இடுப்பில், மறுமுனை கீழே நிற்கிற பயிற்சியாளரின் இடுப்பில் உள்ள கருவியில். குழந்தை ஏற ஏற அவர் தொய்வை இழுத்துக்கொண்டே இருப்பார். கை நழுவினால், கயிறு நீளும் அளவுக்குக் கொஞ்சம் சறுக்கி அந்தரத்தில் தொங்கும், அவ்வளவுதான். ஏறத் தொடங்குவதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. கயிற்றை எட்டு வடிவ முடிச்சாகப் போட்டு, அதன் வழியே இன்னொரு தடவை கோத்து, இழுத்து இறுக்க வேண்டும். பிறகு ஏறுகிறவர், பிடிக்கிறவர் இருவரும் ஒருவர் முடிச்சையும் வாரையும் மற்றவர் தொட்டுப் பார்க்க வேண்டும். அப்பா ஏறும் முறை வரும்போது அவருடைய முடிச்சைச் சரிபார்க்கிறவர்களில் ஏழு வயது மகளும் ஒருத்தியாக இருக்கலாம். பெரியவர்கள் செய்ததைச் சரிதானா என்று பார்க்கச் சொல்லி ஒரு குழந்தையிடம் நாம் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்?

நிஜமான ஆபத்துகள் வேறு இடத்தில் இருக்கின்றன. மேலேயிருந்து கல் உதிரலாம். அதனால் ஏறுகிறவர் மட்டுமில்லை, கீழே உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிடுகிறவரும் ஹெல்மெட் போட வேண்டும். ஐந்தாறு வயது வரை குழந்தைக்கு இடுப்பெலும்பு அகலமாக இராது, உடலோடு ஒப்பிட்டால் தலை கனம். இடுப்பில் மட்டும் கட்டுகிற ஹார்னஸ் நழுவலாம், குழந்தை தலைகீழாகப் புரளலாம். ஆகவே தோளையும் சேர்த்துக் கட்டுகிற முழு ஹார்னஸ்தான் வேண்டும். அது இல்லாத இடத்தில் சின்னதை ஏற்றாதீர்கள். எவ்வளவு அழுதாலும் சரி. இன்னொன்று, கயிற்றைத் தாங்கப் பாறையில் அடித்திருக்கிற போல்ட். தாய்லாந்தின் கடலோரச் சுண்ணாம்புப் பாறைகளில் துருப்பிடிக்காத எஃகு என்று நம்பி அடித்த போல்ட்டுகள், வெளியே பார்க்க நன்றாக இருந்தும், உள்ளுக்குள் விரிசல் விட்டு முறிந்திருக்கின்றன. கடற்காற்றும் பாறையின் உப்புகளும் சேர்ந்து செய்கிற வேலை அது. அதற்குப் பிறகு அங்கே டைட்டானியம் போல்ட்டுகளைப் பசை வைத்துப் பதிக்கத் தொடங்கினார்கள். ‘மேலே இருப்பது டைட்டானியமா?’ என்று பயிற்சியாளரிடம் கேட்க எந்தக் கூச்சமும் வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதவரிடம் குழந்தையை ஒப்படைக்கவும் வேண்டாம். பயணக் காப்பீட்டையும் படித்துப் பாருங்கள். சாகச விளையாட்டுகளைப் பல பாலிசிகள் கணக்கில் சேர்ப்பதில்லை; தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

பாறை ஏறுவதற்கு விமானம் ஏற வேண்டுமா என்பது இரண்டாவது ஆட்சேபம். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீனம்பாக்கத்தில் விமானம் கிளம்பும்போது ஜன்னல் வழியே பறங்கிமலை தெரிகிறது. உலகெங்கும் புவியியல் மாணவர்கள் படிக்கிற சார்னோக்கைட் என்ற பாறை வகைக்கு மூல உதாரணம் அந்தக் குன்றுதான். கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படுகிற ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்த வகைக் கல்தான் போயிற்று. அதைப் பார்த்துத்தான் ஹாலந்து என்கிற புவியியலாளர் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். வயது சுமார் 250 கோடி ஆண்டு. பத்துமலை இதற்குப் பக்கத்தில் பச்சைக் குழந்தை. இப்படி ஒரு கல்லைத் தாண்டிக்கொண்டு இன்னொரு கல்லைத் தேடி நாலு மணி நேரம் பறப்பது கொஞ்சம் வேடிக்கைதான். திருக்கழுக்குன்றமும் செஞ்சியும் ஒரு நாள் பயணத்தில் இருக்கின்றன. ஆனால் அங்கே ஏறுவது படி. மாமல்லபுரத்துப் பாறைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே கயிறும் போல்ட்டும் நினைத்தே பார்க்கக் கூடாது. கயிறு கட்டி ஏற வேண்டுமானால் கர்நாடகத்துப் பாதாமிக்குப் போகலாம். அது அருமையான மணற்கல், ரயிலில் போகலாம், செலவும் குறைவு. வெளிநாடு போகும் எண்ணமே இல்லாதவர்கள் பாதாமிக்குப் போவதுதான் உத்தமம். நான் பேசுவது, எப்படியும் போகத்தான் போகிறோம் என்று பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்கிற குடும்பங்களைப் பற்றி. சென்னையில் அப்படிப்பட்டவர்கள் குறைவில்லை.

‘பணம் செலவழித்துப் போய்விட்டு எல்லாவற்றையும் பார்க்காமல் வருவதா?’ இந்தக் கேள்வி வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வரும். பாறைக்காக ஒரே ஊரில் மூன்று நாள் தங்கினால் பார்ப்பது குறையும் என்பது இதற்குள் இருக்கிற ஊகம். கிராபியை எடுத்துக்கொள்வோம். தாய்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிறது. அங்கே ரெய்லே என்கிற துண்டு நிலத்துக்குச் சாலை கிடையாது. பாறைகள் வழியை அடைத்துக்கொண்டிருப்பதால் நீளவால் படகில்தான் போக வேண்டும். முழங்கால் தண்ணீரில் இறங்கிக் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையேற வேண்டும். அங்கேயே தொடங்கிவிடுகிறது பயணம். ரெய்லேயின் கிழக்குக் கரையில் புதியவர்கள் கற்றுக்கொள்கிற பாறைச் சுவர் இருக்கிறது. காலையில் இரண்டு மணி நேரம் ஏறினால் குழந்தைக்குக் கை ஓய்ந்துவிடும். மிச்சப் பொழுது கடலுக்கும் தூக்கத்துக்கும். பிரா நாங் கடற்கரைக் குகையில் மீனவர்கள் கும்பிடுகிற ஒரு தேவதைக்கு மரத்தில் செய்த லிங்கங்களைக் காணிக்கையாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். அதன் வடிவம் கொஞ்சம் வெளிப்படையானது. குழந்தைகள் கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஊரில் தங்குவதால்தான் இன்னொன்றும் கிடைக்கிறது. கிராபி நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் குலோங் தோம் என்கிற சிற்றூர். அங்கே ஒரு பௌத்த ஆலயத்தின் அருங்காட்சியகத்தில், பக்கத்தில் கிடைத்த பழம் பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நிறைய கண்ணாடி மணிகள். அவற்றோடு, பொன்னின் மாற்றுப் பார்க்கிற ஒரு சின்ன உரைகல். அதில் தமிழ் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று வெட்டியிருக்கிறது. கி.பி. மூன்று, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். பெரும்பதன் என்கிற தட்டான் கடல் தாண்டி அங்கே போய்த் தொழில் செய்திருக்கிறார், தன் கல்லில் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறார். உஸ்மான் சாலையில் நகை வாங்கப் போகிற குடும்பத்துக்கு இதைவிட நெருக்கமான காட்சி தாய்லாந்தில் வேறு உண்டா? பேங்காக்–பட்டாயா பேக்கேஜில் ரத்தினக்கல் ஷோரூம் இருக்கும். பெரும்பதன் இருக்க மாட்டார். காலையில் பாறையைத் தொட்டுப் பழகிய குழந்தையை அந்தக் கல்லின் முன்னால் நிறுத்தினால் அது நின்று பார்க்கும் என்றே நினைக்கிறேன்.

பெண் குழந்தைக்கு முகத்தில் காயம் பட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களும் உண்டு. ஆண் குழந்தைக்குப் பட்டால் பரவாயில்லையா என்று திருப்பிக் கேட்பதைத் தவிர இதற்குப் பதில் இல்லை. நான் கவனமாக எடுத்துக்கொள்கிற ஆட்சேபம் வேறு. நம் ஊரில் குழந்தைக்குப் பிடித்த எதையும் வகுப்பாக மாற்றிவிடுவோம். பாட்டு, அபாகஸ், செஸ், நீச்சல் என்று சாயங்காலங்கள் ஏற்கெனவே நிரம்பி வழிகின்றன. பாறையேற்றம் டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்ந்துவிட்டது, பாரிசிலும் நடந்தது. ‘என் பையன் ஐந்து வயதிலேயே...’ என்று ஆரம்பிக்க நமக்கு இது போதும். ஆனால் வளரும் வயதில் விரல் எலும்பின் நுனிகள் இன்னும் முற்றியிருக்காது. விரல் நுனியில் தொங்கித் தொங்கிக் கடுமையாகப் பயிற்சி செய்கிற வளரிளம் பருவத்தினருக்கு அங்கே முறிவு ஏற்படுவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். விடுமுறையில் இரண்டு காலைப் பொழுது ஏறுவதால் அப்படி ஒன்றும் ஆகாது. எனவே விடுமுறையை விடுமுறையாகவே வைத்திருங்கள். குழந்தை ஆறடி ஏறிவிட்டு, போதும், இறக்கிவிடு என்றால் இறக்கிவிட வேண்டும். கீழே நின்று ‘இன்னும் ஒரு அடிதான், கமான்’ என்று கத்துகிற அப்பாவைவிடப் பெரிய இடைஞ்சல் பாறையில் கிடையாது.

நாள் பார்ப்பதில்தான் சென்னைக்காரர்களுக்குச் சிக்கல். காலாண்டு விடுமுறையில் கிராபியில் மழைக்காலம் உச்சத்தில் இருக்கும். முழு ஆண்டு விடுமுறையில் ஏப்ரல் வெயில் இங்கே போலவே அங்கேயும். மே மாதத்தில் மழை தொடங்கிவிடும். அரையாண்டு விடுமுறைதான் பொருத்தம்: பாறை காய்ந்திருக்கும், ஆனால் உலகமே அப்போதுதான் அங்கே வருகிறது, விலையும் ஏறியிருக்கும். கயிறே வேண்டாம், பிள்ளை இன்னும் சின்னது என்கிறவர்களுக்கு இலங்கையின் சிகிரியா கிட்டத்தில் இருக்கிறது. சுமார் 1200 படிகள். விடியலில் தொடங்கினால் வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம். குளவிகள் இருக்கின்றன, சத்தம் போடாதீர்கள் என்று அங்கே பலகை வைத்திருப்பார்கள். அதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். கயிற்றில் ஏறத்தான் போகிறோம் என்றால், டிக்கெட் போடுவதற்கு முன் உள்ளரங்கச் சுவர் ஒன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையை ஏற்றிப் பாருங்கள். ஹார்னஸ் அதன் இடுப்புக்குச் சரியாக உட்காருகிறதா, அந்தரத்தில் தொங்கும்போது சிரிக்கிறதா அழுகிறதா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். அழுதால் ரெய்லேயில் மணல் வீடு கட்டட்டும், அம்மா ஏறட்டும்.