ஆவியின் வழக்கு

பேய்க்கதை கேட்பதில் நம்மில் பலருக்கு ஆசை உண்டு. கேட்டு முடித்தபின் விளக்கை அணைப்பதற்குத்தான் தயக்கம். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனே. நாய் ஊளையிடும், கதவு தானே திறக்கும், உருவமொன்று தோன்றும், நாம் நடுங்குவோம், பொழுது விடிந்ததும் மறந்துபோவோம். பேய்க்கதையின் பயன் அவ்வளவே என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணத்தை மாற்றியவர் மெக்சிகோ நாட்டுத் திரைப்பட இயக்குநர் கியெர்மோ தெல் தோரோ. 1964இல் குவாதலஹாரா நகரில் பிறந்தவர். ஆங்கிலத்திலும் படங்கள் எடுத்து உலகப் புகழ் பெற்றவர். ஆயினும், தம் தாய்மொழியாகிய ஸ்பானிய மொழியில் அவர் தொடக்கக் காலத்தில் எடுத்த படங்களையே இன்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதற்படம் ‘குரோனோஸ்’. 1993இல் கான் திரைப்பட விழாவின் விமரிசகர் வாரப் பிரிவில் பரிசு பெற்றது. பழம்பொருள் வணிகர் ஒருவர். தேவதைச் சிலையொன்றின் அடிப்பீடத்துள் பொன்னாலான வண்டு போன்ற ஒரு பொறியைக் காண்கிறார். அது சாவை வெல்ல விரும்பிய ரசவாதி ஒருவன் 1536இல் செய்தது. அவர் கையை அது கொட்டுகிறது. இளமை திரும்புகிறது, கூடவே இரத்த வேட்கையும் வருகிறது. இறந்தும் இறவாதவராய் வீடு திரும்பும் அவரைக் கண்டு பேத்தி அலறவில்லை. தன் பொம்மைப் பெட்டியில் படுக்கவைத்துக் காக்கிறாள். இறுதியில் அந்தக் குழந்தையின் இரத்தமே அவரை இழுக்கிறது. அதுவரை வாய்திறவாதிருந்தவள் ‘தாத்தா’ என்றழைக்கிறாள். அவர் அந்தப் பொறியை நொறுக்கிவிட்டுச் சாவை ஏற்கிறார். சாகாமையினும் பெரியது ஒன்று உண்டு என்பதை அந்த ஒரு சொல் அவருக்கு நினைவூட்டிவிடுகிறது.

அடுத்து, 2001இல் வந்த ‘பிசாசின் முதுகெலும்பு’. என் பேச்சின் மையம் இதுவே. ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போர் 1936இல் தொடங்கி 1939இல் முடிந்தது. அதன் இறுதி நாட்களில், வெட்டவெளியில் நிற்கும் ஓர் அநாதை விடுதிக்குக் கார்லோஸ் என்ற சிறுவன் வந்து சேர்கிறான். முற்றத்தில் வெடியாத குண்டொன்று தலைகீழாய்ப் புதைந்து நிற்கிறது. அது விழுந்த இரவில் சாந்தி என்ற பையன் காணாமற்போனான். இது ஸ்பானியப் பெயர். நம் ஊர்ப் பெண் பெயரன்று. இப்போது அவன் ஆவி நிலவறையில் உலவுகிறது. பிளந்த தலையிலிருந்து குருதி வழிந்து கீழே விழவில்லை. நீரில் கரைவதுபோல் மேல்நோக்கி மிதக்கிறது. உடல் கிடப்பது நிலவறை நீர்த்தொட்டியின் அடியில் என்பதற்கு அதுவே சாட்சி.

உங்களில் பலர் மாளப்போகிறீர்கள் என்கிறது ஆவி. பிள்ளைகள் அதைச் சாபமென்று அஞ்சுகிறார்கள். உண்மையில் அது எச்சரிக்கை. கொன்றவன் உயிரோடு இருக்கிறான், அழகன், அதே விடுதியில் வளர்ந்தவன், அங்கே மறைத்து வைத்துள்ள தங்கத்தின்மேல் கண்வைத்திருப்பவன். அவன் மூட்டிய தீயில் அந்த வாக்குப் பலிக்கிறது. ஆக, இப்படத்தில் அஞ்சவேண்டியவர்கள் உயிரோடிருப்பவர்களே. செத்தவன் செய்த குற்றம் ஒன்றுமில்லை. அவன் தன் வழக்கைக் கேட்பாரின்றி நிற்கிறான்.

கொலையைக் கண்ட சிறுவனும் ஒருவன் உண்டு. அச்சத்தால் வாய்மூடியிருந்தான். அவன் வாய்திறந்து உண்மையைச் சொன்ன பிறகே பிள்ளைகள் ஒன்றுகூடித் துணிகிறார்கள். கொலைகாரன் அதே தொட்டியில் விழுகிறான். ஆசைப்பட்ட தங்கமே அவனை ஆழத்துக்கு இழுக்கிறது. பேயை நம்பாத கிழ மருத்துவர் காசாரெஸ், இறந்தபின் தாமே ஆவியாகி அடைத்த கதவைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளைக் காக்கிறார். இந்தப் படத்தில் ஆவி என்பது முடியாத கடமையின் பெயர்.

இதனைக் கதை என்று ஒதுக்க என்னால் இயலவில்லை. போருக்குப்பின் பிராங்கோவின் ஆட்சி 1975 வரை நீடித்தது. தோற்ற தரப்பில் கொல்லப்பட்டவர்கள் பல்லாயிரவர் பெயரற்ற குழிகளில் கிடந்தார்கள். வாய்விட்டு அழவும் உறவினர் அஞ்சினார்கள். அவன் மறைந்தபின் வந்த மக்களாட்சியும், பழையதைக் கிளறவேண்டாம் என்ற மௌனத்தின்மேல் எழுந்தது. 2000இல், லெயோன் மாகாணத்தில் பிரியரான்சா தெல் பியெர்சோ என்னும் ஊரருகே, சாலையோரக் குழியொன்றைத் தோண்டினார்கள். பதின்மூன்று பேரின் எலும்புகள் கிடைத்தன. கொல்லப்பட்ட ஒருவரின் பேரன் எடுத்த முயற்சி அது. மறுஆண்டு இப்படம் வெளிவந்தது. 2007இல் வரலாற்று நினைவுச் சட்டம் நிறைவேறியது. படம் பார்த்துச் சட்டம் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நீர்த்தொட்டிச் சிறுவன் கேட்டதையே அந்த எலும்புகளும் கேட்டன என்கிறேன்: ‘நான் இங்கே கிடக்கிறேன், என்னைக் கொன்றவனின் பெயரைச் சொல்லுங்கள்.’

2006இல் வந்த ‘வனதேவனின் சுழல்வழி’ படத்திலும் இதே நோக்கு உண்டு. 1944ஆம் ஆண்டின் காட்டில் விசித்திர உருவங்கள் பல நடமாடுகின்றன. ஆனால் பார்ப்பவர் நெஞ்சை உறையவைப்பவன் சீருடை அணிந்த படைத்தலைவன் ஒருவனே.

ஆவிகள் உண்டா இல்லையா என்ற விவாதத்தை அறிஞர்களிடம் விட்டுவிடுவோம். யாரும் கேளாத வழக்கு ஓரிடத்தில் கிடக்கும்வரை, அங்கே இரவில் ஒரு காலடி ஓசை கேட்டுக்கொண்டுதான் இருக்கும். அதற்கு மந்திரவாதியை அழைத்துப் பயனில்லை. கண்டதைச் சொல்ல ஒருவர் முன்வரவேண்டும். அன்றுதான் செத்தவரும் உறங்குவர். நாமும் விளக்கை அணைத்து உறங்கலாம்.