பிள்ளையின் கால் ஏன் வளைகிறது?



பரிசளிப்பு நாளில் காலைப் பற்றிப் பேச்சா என்பீர்கள். ஓட்டப் பந்தயத்துக்கு வராமல் ஓரமாக நிற்கிற பிள்ளையை நினைத்துத்தான் பேசுகிறேன்.

நடக்கத் தொடங்கும் குழந்தைக்குக் கால் கொஞ்சம் வில்லாக இருப்பது இயல்பு. இரண்டு வயது வாக்கில் நேராகிவிடும். எண்ணெய் தேய்த்து உருவி விட்டதால்தான் நேராயிற்று என்பார்கள் பாட்டிமார். உருவாவிட்டாலும் நேராகியிருக்கும்!

ஆனால் அதன் பிறகும் வளைவு கூடினால், ஒரு கால் மட்டும் அதிகம் வளைந்தால், ‘வளர வளரச் சரியாப் போயிடும்’ என்று இருந்துவிடாதீர்கள். முட்டிக்குக் கீழே எலும்பின் உட்பக்கம் வளர்ச்சி தடைப்பட, வெளிப்பக்கம் மட்டும் வளர்வதால் வரும் நோய் ஒன்று உண்டு. 1937-இல் அதை விரிவாக எழுதிய அமெரிக்க மருத்துவர் வால்டர் பிளவுண்டின் பெயரே அதற்கு. சீக்கிரம் நடந்த, எடை மிகுந்த பிள்ளைகளுக்கு அதிகம் வருகிறது. ‘பத்து மாசத்துலயே நடந்துட்டான்’ என்று நாம் பெருமைப்படுகிறோமே! நான்கு வயதுக்குள் அறுவை செய்தால் பெரும்பாலும் நேராகும். தாமதித்தால் மறுபடியும் வளையக்கூடும்.

எல்லா வளைவும் ஒன்றல்ல. நம் முன்னோர் பலர் சேலம், தருமபுரிச் சீமையிலிருந்து கப்பலேறியவர்கள். அங்கே நிலத்தடி நீரிலிருந்த ஃபுளோரைடு எலும்பைக் கெடுத்தது. அதனால்தான் 2013-இல் ஒகேனக்கல் காவிரி நீரைக் குழாயில் கொண்டு வந்தார்கள். எந்த வளைவு என்று எக்ஸ்ரேதான் சொல்லும், மந்திரிப்பு சொல்லாது.

அரசாங்கக் கிளினிக்கில் காட்டிக் கடிதம் வாங்குங்கள். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் எலும்பு மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் சம்பளம் போகும், தெரியும். போய் வாருங்கள்.