சியோல் வீதியில் எங்க அப்பா

மணலூர்பேட்டையிலிருந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வந்தவன் கொரியாவில் வேலை பார்த்தானே என்று, கார் தொழிற்சாலை பற்றிப் பேசச் சொன்னார்கள். கார் இருக்கட்டுங்க. அங்கே நான் பார்த்த பெரியவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

2016 டிசம்பர் 9-இல் கொரிய நாடாளுமன்றம் ஜனாதிபதி பார்க் குன்-ஹே மீது பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. 300 பேரில் 234 பேர் ஆதரவு. தோழியை ஆட்சியில் தலையிட விட்டார், பெரிய கம்பெனிகளிடம் பணம் கறக்கத் துணைபோனார் என்று குற்றச்சாட்டு. சனிக்கிழமைதோறும் மெழுகுவர்த்தியோடு ஒரு பெருங்கூட்டம் அவரை விலகச் சொல்லும். நடை தூரத்திலேயே, சியோல் மாநகராட்சிக் கட்டடத்தின் முன்னால், அவருக்காக இன்னொரு கூட்டம். பெரும்பாலும் அறுபது, எழுபது வயதுக்காரர்கள். கையில் தேசியக் கொடி, கூடவே அமெரிக்கக் கொடி.

அமெரிக்கக் கொடி எதுக்கு என்று எனக்கும் முதலில் புரியவில்லை. 1950 முதல் 1953 வரை நடந்த போரும் அதன் பின்வந்த பட்டினியும் தின்ற தலைமுறை அது. வடக்கைத் தடுத்தது அமெரிக்கா என்பது அவர்கள் கணக்கு. 1961-இல் ஆட்சியைப் பிடித்து 1979-இல் சுட்டுக் கொல்லப்படும்வரை ஆண்ட பார்க் சுங்-ஹீ, இந்த அம்மாவின் தகப்பனார். சர்வாதிகாரிதான். ஆனால் இவர்கள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது அவர் காலத்தில்.

"எல்லாம் காசுக்கு வந்த கூட்டம்" என்று கூட வேலை செய்த கொரியப் பையன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அன்றைக்கு ராத்திரி மெட்ரோவில் (65 வயதானால் அங்கே டிக்கெட் இலவசம்) எதிர் சீட்டில் ஒரு பெரியவர், கொடியை மடித்து மடியில் வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். எங்க அப்பா ஞாபகம் வந்துவிட்டது. 2014 செப்டம்பர் 27-இல் பெங்களூரு தனி நீதிமன்றம் ஜெயலலிதாவுக்கு 4 ஆண்டு சிறை விதித்து, அவர் முதல்வர் பதவி போனபோது, அப்பா உண்ணாவிரதப் பந்தலில் போய் உட்கார்ந்தார். சர்க்கரை வியாதிக்காரர். "எவ்வளவு குடுத்தாங்கப்பா?" என்று போனில் கேட்டேன். பேசாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

2017 மார்ச் 10-இல் பார்க்கை அரசியல்சாசன நீதிமன்றம் நீக்கியது. எட்டு நீதிபதிகளும் ஒரே முடிவு. அன்றைய கலவரத்தில் ஆதரவாளர்கள் சிலர் உயிரே போயிற்று. 2024 டிசம்பரில் இராணுவச் சட்டம் அறிவித்த யூன் சுக் யோலுக்காகவும் அதே கொடிகள் வீதிக்கு வந்தன. இந்தத் தடவை வாலிபர்களும் சேர்ந்துகொண்டார்கள். 2025 ஏப்ரல் 4-இல் அவரையும் நீக்கினார்கள். இரண்டு தீர்ப்பும் சரி என்பதுதான் என் கட்சி. அதில் மாற்றமில்லை.

ஆனால் அந்த மெட்ரோ ராத்திரி, ரூமுக்கு வந்ததும் ஊருக்குப் போன் போட்டு, ஏம்ப்பா போய் உட்கார்ந்தீங்க என்று ஒழுங்காகக் கேட்டேன்.

"உன் தங்கச்சி கழுத்துல இருக்கிற தாலிக்கு அரைப் பவுனு எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியுமாடா உனக்கு? அந்தம்மா திட்டத்துல வந்தது" என்றார்.

தெரியாதுங்க. கல்யாண வேலை நடந்த மாதமெல்லாம் நான் ஸ்ரீபெரும்புதூரில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தேன்.