வாங்கின வீட்டில் முதல் மழை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



சொந்த வீடு வாங்கின அனுபவத்தைப் பேசச் சொன்னாங்க. வாங்கின கதையை விட, வாங்கின பிறகு நடந்த கதைதான் உங்களுக்கு உதவும்னு எனக்குத் தோணுது.

பத்தொன்பது வருஷம் வாடகை வீட்டில் இருந்தேன். சுவரில் ஆணி அடிக்கணும்னாலும் கேட்டுத்தான் அடிக்கணும். ஊரில் இருந்து நாலு சனம் வந்து தங்கினா, மறுநாள் காலையில் "தண்ணி எப்படிங்க தீர்ந்துச்சு?"ன்னு வீட்டுக்காரம்மா வாசலில் நிப்பாங்க. 2022ஆம் வருஷம் மூணு சென்ட் இடத்தோட ஒரு பழைய தார்சு வீடு எட்டு லட்சத்துக்கு வந்தது. என் தையல் காசு, என் நகை, அவர் சீட்டு எடுத்த பணம், குழுக் கடன் 60,000, எல்லாம் சேர்த்து வாங்கினோம்.

பத்திரம் யார் பேரில்ங்கிறதில் வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. ஆம்பளை இருக்கும்போது பொம்பளை பேரில் எதுக்குன்னு என் மாமியார் கேட்டாங்க. எங்க வீட்டுக்காரர் அதிகம் பேச மாட்டார். "கடனைக் கட்டப் போறது அவ. பேரும் அவ பேர்லயே இருக்கட்டும்"னு ஒரே வார்த்தையில் முடிச்சிட்டார். மாமியார் பத்து நாள் என்கிட்ட சரியா பேசல. அப்புறம் பால் காய்ச்சின அன்னிக்கு அவங்கதான் முதல் ஆளா வந்து வாசல் கூட்டிக் கோலம் போட்டாங்க.

பதிவுச் செலவை நாங்க சரியா கணக்குப் போடல. அப்போ முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம். எட்டு லட்சத்துக்கு 88,000 ரூபாய். குழுக் கடன் அப்படியே அதுக்குப் போச்சு, பத்தாததுக்கு அண்ணன்கிட்ட வாங்கினேன். 2023 ஏப்ரலில் இருந்து பதிவுக் கட்டணம் 2 சதவீதம் ஆயிடுச்சு, ஆனா வழிகாட்டி மதிப்பை ஏத்திட்டாங்க. 2025 ஏப்ரல் 1ல் இருந்து, 10 லட்சம் வரைக்குமான வீடு, மனை, நிலத்தைப் பெண் பேரில் பதிஞ்சா பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. வாங்கப் போறவங்க இதை வீட்டில் சொல்லுங்க. பேர் விஷயத்தில் நியாயம் பேசி ஆகாதது, காசு குறையுதுன்னு சொன்னா சில வீட்டில் ஆகும்!

குடி போனதும் நான் செஞ்ச முதல் தப்பு, வாசலுக்குப் புது இரும்புக் கேட்டு, வெளிச் சுவருக்குப் பெயிண்ட். கையில் மிச்சம் இருந்த 35,000மும் அதில் போச்சு. நாலு பேர் பார்க்கணும்ங்கிற ஆசைதான், வேற என்ன? ஐப்பசி மழை வந்தது. மூணாம் நாள் ராத்திரி, தையல் மெஷினுக்கு நேர் மேலே ஒழுகுது. தைக்கக் கொடுத்திருந்த பட்டு ரவிக்கைத் துணி ரெண்டு நனைஞ்சு சாயம் இறங்கிடுச்சு. வாடகை வீட்டில் இருந்திருந்தா வீட்டுக்காரம்மாவைத் திட்டிட்டுப் படுத்திருப்பேன். அன்னிக்குத் திட்டுறதுக்கு ஆள் இல்லை. அண்டாவை வெச்சிட்டு விடிய விடிய உக்காந்திருந்தேன். மாடியில் தட்டோடு பெயர்ந்து கிடந்ததை வாங்கும்போது ஏறிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். நாங்க யாரும் ஏறவே இல்லை. அதனால பழைய வீடு வாங்கினா ஒரு மழைக்காலம் இருந்து பார்த்துட்டு, அப்புறம் அழகுக்குச் செலவு பண்ணுங்க. விக்கிறவங்க சாவி கொடுக்கும்போதே செப்டிக் டேங்க் எங்க இருக்கு, கடைசியா எப்ப எடுத்தாங்க, தண்ணி வால்வு எங்க, எர்த் கம்பி எங்க இறக்கியிருக்குன்னு கேட்டு வெச்சுக்குங்க. அப்புறம் போன் எடுக்க மாட்டாங்க.

அடுத்தது பட்டா. பத்திரம் கையில் இருக்கு, இனி என்னன்னு பத்து மாசம் சும்மா இருந்தேன். ஒரு கூட்டத்தில் எங்க கணக்கு எழுதுற தங்கச்சி, "அக்கா, பட்டா உங்க பேருக்கு மாறிடுச்சா?"ன்னு கேட்டா. அவ போனிலேயே பார்த்தோம். வித்தவரோட அண்ணன் தம்பி மூணு பேர் பேரில் கூட்டுப் பட்டாவா இருந்தது. எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. உட்பிரிவு பண்ணித்தான் தனிப் பட்டா கிடைக்கும்னு சொன்னாங்க. இ-சேவை மையத்தில் எழுதிக் கொடுத்து, சர்வேயர் வந்து அளந்தப்ப இன்னொரு விஷயம் தெரிஞ்சது. எங்க குளியலறைச் சுவர் பக்கத்து வீட்டு இடத்தில் ஒண்ணேகால் அடி உள்ளே இருக்கு. கட்டினது பழைய ஆள். ஆனா பதில் சொல்ல வேண்டியது நான்.

பக்கத்து வீட்டு அக்கா வேற குழு உறுப்பினர். அன்னிக்கு ரெண்டு பேரும் கத்தினோம், மறைக்கல. ஒரு வாரம் கழிச்சு நானே போய், "கடன் முடியட்டும், இடிச்சு உள்ளே தள்ளிக் கட்டிக்கிறேன்"னு சொல்லி, எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். போன வருஷம் சொன்ன மாதிரியே இடிச்சுக் கட்டினேன். சித்தாள் வராத நாளில் அந்த அக்காதான் செங்கல் எடுத்துக் கொடுத்தாங்க.

இப்ப பட்டா, கரண்டு இணைப்பு, வீட்டு வரி மூணும் என் பேரில். முதல் வரி ரசீதில் பேரைத் தப்பா அடிச்சிருந்தாங்க. இன்னொரு நாள் வேலையை விட்டுப் போய்த் திருத்தி வாங்கினேன். பத்திரம், பட்டா, வரி ரசீது எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் போட்டு இந்தப் பையில் கொண்டு வந்திருக்கேன். எது எப்படி இருக்கும்னு பார்க்கணும்ங்கிறவங்க சாப்பாட்டு நேரத்தில் வாங்க, வேப்ப மரத்தடியில் இருப்பேன்.