பேருக்குப் பின்னால ஒரு வார்த்தை

ஓய்வுக்காலத்துக்குன்னு ஏழு வருஷமா மாசம் 10,000 ரூபாய் எஸ்ஐபி போடுறேன். ஆரம்பிச்சுக் கொடுத்தது பேங்க்ல ஒருத்தர். "ஆலோசனைக்குக் காசே வேண்டாம் சார்"னார்.

போன மாசம்தான் ஸ்டேட்மென்ட்டை ஒழுங்கா படிச்சேன். ஃபண்ட் பேருக்குப் பின்னால 'ரெகுலர்'னு இருக்கு. அதே ஃபண்ட், அதே பங்குகள், கமிஷன் இல்லாம 'டைரக்ட்'டா 2013 ஜனவரியிலிருந்தே கிடைக்குது!

வருஷத்துக்கு ஒரு சதவீதம்தானேன்னு தோணும். 25 வருஷக் கணக்கு போட்டேன். 12 சதவீதம் வளர்ந்தா சுமார் 1.88 கோடி, 11 சதவீதம்னா 1.58 கோடி. (12 கிடைக்கும்னு நான் சொல்லல, கணக்குக்குத்தான்.) 30 லட்சம் போச்சு.

இனி போடுறது டைரக்ட்லதான். பழசை மாத்தினா வித்த மாதிரி, லாபத்துக்கு வரி வரும். அதனால கொஞ்சம் கொஞ்சமா மாத்துறேன்.

பேங்க்காரர்கிட்ட கேட்டேன், ஏன் சொல்லலைன்னு.

"நீங்க கேக்கவே இல்லையே சார்."