விழக் கற்றுக்கொடுக்கும் இடம்

(விளையாட்டும் சமூகநீதியும் குறித்த கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



விளையாட்டையும் சாதியையும் பற்றிப் பேச அழைத்தால் நாம் வழக்கமாகப் பதக்கம் வென்றவர்களின் பட்டியலோடு வருகிறோம். அந்தப் பட்டியல் நமக்குத் தேவைதான். ஆனால் வென்றவரைக் கொண்டாடுவது எல்லோராலும் முடியும். தோற்ற அன்று அவர் பக்கத்தில் யார் நின்றார்கள்? என் ஆய்வில் என்னைத் தொடர்ந்து துரத்தும் கேள்வி இது. அதற்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் பிரேசிலில் உள்ள ஒரு ஜூடோ கிளப். இன்று அதைப் பற்றிப் பேசுகிறேன்.

ரியோ டி ஜெனிரோவில் சிடாடே டி டியூஸ் என்றொரு பகுதி. 'சிட்டி ஆஃப் காட்' படம் பார்த்தவர்களுக்குப் பெயர் தெரியும். 1960களில் நகரத்தின் குடிசைப் பகுதிகளை அகற்றி, அங்கிருந்தவர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய இடம் அது. கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் பார்த்த நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக, 1888இல்தான் அடிமை முறையை ஒழித்த நாடு பிரேசில். இப்படி ஒதுக்கப்படும் பகுதிகளில் யார் அதிகம் இருப்பார்கள் என்பதையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பகுதியில் வளர்ந்த கறுப்பினப் பெண் ரஃபேலா சில்வா. தெருச் சண்டையிலிருந்து விலக்கி வைக்கத்தான் அவரைப் பெற்றோர் ஜூடோவில் சேர்த்தார்கள். அவருடைய அக்கா ராகேலும் ஜூடோ வீராங்கனைதான். அவர்கள் பயின்ற இடம் ரியாசாவ் என்ற அமைப்பு. ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஃபிளாவியோ கான்டோ 2003இல் தோழர்களோடு சேர்ந்து தொடங்கியது. ஜூடோவோடு பள்ளிப் படிப்பையும் சேர்த்துக் கவனிப்பது அதன் வழக்கம்.

2012 லண்டன் ஒலிம்பிக். ஹங்கேரி வீராங்கனைக்கு எதிரான ஆட்டத்தில், விதிக்கு மாறாகக் காலைப் பிடித்தார் என்று ரஃபேலா தகுதிநீக்கம் செய்யப்பட்டார். அடுத்த சில மணி நேரத்தில் சமூக வலைத்தளங்களில் அவருடைய சொந்த நாட்டுக்காரர்களே அவரைக் குரங்கு என்றார்கள், கூண்டில் இருக்க வேண்டியவள் என்றார்கள். ஜூடோவே வேண்டாம் என்ற இடத்துக்குப் போய்விட்டார் அவர்.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது ஹரித்வார் அருகிலுள்ள ரோஷனாபாத். 2021 ஆகஸ்ட் 4 அன்று டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி தோற்றது. வந்தனா கட்டாரியாவின் வீட்டுக்கு வெளியே ஆதிக்கச் சாதி ஆட்கள் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லி ஏசினார்கள் என்று குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். அதற்குச் சில நாட்கள் முன்புதான், ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் இந்தியப் பெண் என்று நாடே அவரைப் புகழ்ந்தது. வென்றால் நாட்டின் மகள், தோற்றால் சாதிக்காரி. நிறவெறிக்கும் சாதிவெறிக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

ரஃபேலாவைத் திரும்ப மெத்தைக்குக் கொண்டுவந்தது அந்தக் கிளப். சிறுவயது முதல் பயிற்சி தந்த ஜெரால்டோ பெர்னார்டெஸும் உளவியல் ஆலோசகர் ஒருவரும் கூடவே நின்றார்கள். 2013இல் அதே ரியோவில் உலக சாம்பியன் ஆனார். 2016 ஆகஸ்ட் 8 அன்று 57 கிலோ பிரிவில் தங்கம். அந்த ஒலிம்பிக்கில் பிரேசிலுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. பின்னாளில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி, தெரிந்து உட்கொள்ளவில்லை என்று மறுத்தும், தடை பெற்று டோக்கியோவை இழந்தார். அதிலிருந்தும் எழுந்து 2022இல் மீண்டும் உலக சாம்பியன் ஆனார்.

அந்தக் கிளப்பின் பெரிய சாதனையாக நான் நினைப்பது வேறொன்று. 2013 உலகப் போட்டிக்கு வந்த காங்கோ நாட்டு ஜூடோ வீரர்கள் போபோலே மிசெங்காவும் யோலாண்டே மபிகாவும் திரும்பிப் போகாமல் பிரேசிலில் தஞ்சம் கேட்டார்கள். போர் அவர்களைச் சிறுவயதிலேயே குடும்பத்திலிருந்து பிரித்திருந்தது. தன் நாட்டில் தோற்ற வீரரைக் கூண்டில் அடைப்பார்கள் என்று மிசெங்கா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு இடம் கொடுத்தது ரியாசாவ். 2016இல் இருவரும் அகதிகள் அணிக்காக ஆடினார்கள். மிசெங்கா தன் முதல் ஆட்டத்தில் வென்றார். எதிரில் ஆடியவர் இந்தியாவின் அவதார் சிங். நம் ஊர்ச் செய்திகளில் அது ஓர் இந்தியத் தோல்வியாக மட்டுமே வந்துபோனது.

தோற்றவரைக் கூண்டோடு சேர்த்துப் பேசும் உலகத்தில் ஜூடோ கிளப் என்ன செய்கிறது? அங்கே முதல் பாடம் வீழ்த்துவதற்கானது இல்லை. எப்படி விழுவது, விழும்போது கையை எப்படி மெத்தையில் அறைந்து அடியைத் தணிப்பது என்று வாரக்கணக்கில் சொல்லித் தருவார்கள். இரண்டாவது, பிடியில் சிக்கியவர் இரண்டு முறை தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். எதிரில் இருப்பவரின் சட்டைக் கழுத்தைப் பிடிக்காமல், அவருடைய வியர்வை நம்மேல் படாமல் ஜூடோ ஆடவே முடியாது. நாம் கற்றுக்கொள்வதற்காக இன்னொருவர் நூறு முறை விழுகிறார். பிறகு அவருக்காக நாம் விழுகிறோம்.

கிரிக்கெட்டில் இதைத் தவிர்க்க முடிந்தது. பல்வாங்கர் பாலூ 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட் எடுத்தவர். பூனாவில் அவர் வீசிய பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தனியாக, மண்குவளையில் தேநீர்.

சரி, தொட்டு விளையாடினால் தீண்டாமை போய்விடுமா? போகாது. நான் கபடி ஆடி வளர்ந்தவன். கபடியைவிடத் தொடும் விளையாட்டு ஏது? எங்கள் ஊரில் ஊருக்கு ஓர் அணி, காலனிக்கு ஓர் அணி. போட்டியன்று இரண்டு மணி நேரம் உடம்போடு உடம்பு மோதும். அடுத்த நாள் பழையபடி அவரவர் தெரு. வருடத்துக்கு ஒருமுறை எதிரியாகத் தொடுவதும், தினமும் மாலை ஒருவரையொருவர் நம்பி விழுவதும் ஒன்றாகாது. அந்தத் தினசரிப் பழக்கத்தைத் தருவது போட்டி இல்லை, கிளப்.

ஜூடோ மெத்தையைப் புனிதமாக்கவும் நான் வரவில்லை. ஜப்பானியத் தேசிய அணியின் 15 பெண்கள் பயிற்சியாளரின் அடி உதை பற்றிப் புகார் செய்து, அவர் 2013இல் பதவி விலக நேர்ந்தது. சங்கத்தை யார் நடத்துகிறார்கள், யார் கேள்வி கேட்க முடிகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம்.

ஆகவே நம் கோரிக்கையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும் என்கிறேன். வென்றவருக்குப் பரிசுத்தொகை தரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு, தோற்றவர் திரும்பி வருவதற்கு ஓர் இடம் வேண்டும். சமத்துவபுரங்களில் சமுதாயக் கூடங்கள் இருக்கின்றன. மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு கூடம், மெத்தைகள், சம்பளம் பெறும் ஒரு பயிற்சியாளர், பக்கத்தில் ஒரு மாலைப் பள்ளி. இதை ஊருக்கும் காலனிக்கும் தனித்தனியாகக் கேட்கக் கூடாது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே மெத்தைக்கு வரும்படி கேட்க வேண்டும். சில பெற்றோர் அனுப்ப மறுப்பார்கள். அப்போது நாம் பேச வேண்டிய சண்டை எதுவென்று ஊருக்கே தெரிந்துவிடும்.

ஜெய்பீம்.