பழைய ஜிப்சி ஏன் உதறுகிறது?

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நம் பார்க்கிங்கில் பழைய ஜிப்சி, ஜீப் நிறுத்தியிருப்பவர்களுக்காகத்தான் முக்கியமாக இந்தப் பேச்சு. கார் வைத்திருப்பவர்களும் கேளுங்கள். பாதி உங்களுக்கும் பொருந்தும்.

"ஸ்டீரிங் உதறுது" என்று மட்டும் மெக்கானிக்கிடம் சொன்னால் போதாது. எப்போது உதறுகிறது என்று சொல்லுங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தொடங்கி, அதைத் தாண்டியதும் அடங்கினால் பெரும்பாலும் வீல் பேலன்சிங், நெளிந்த ரிம் அல்லது வீங்கிய டயர். ரிம்மின் உள்பக்கம் காய்ந்த சேறு ஒட்டியிருந்தாலும் இப்படி ஆடும். முதலில் கழுவிப் பாருங்கள், செலவில்லாத வேலை. பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறினால் முன் டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆபத்தானது வேறொன்று. பள்ளத்தில் ஒரு சக்கரம் விழுந்ததும் முன்பக்கம் முழுவதும் படபடவென்று ஆடத் தொடங்கும். வண்டியை நன்றாக மெதுவாக்கும்வரை நிற்காது. ஜிப்சியில் முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்ஸிலில் இருப்பதால் ஒரு பக்கத்து ஆட்டம் மறுபக்கத்துக்கும் போய்விடுகிறது. அப்போது பதறிப்போய் பிரேக்கை அழுத்தாதீர்கள். ஸ்டீரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, மெல்ல வேகத்தைக் குறையுங்கள்.

இதற்குப் பலர் உடனே புது ஸ்டீரிங் டேம்பர் போட்டுவிடுகிறார்கள். உதறல் கொஞ்ச நாள் அடங்கும். தேய்ந்த பாகம் உள்ளே அப்படியே இருக்கும். எனக்கு இதில் உடன்பாடில்லை.

வண்டி தரையில் நிற்கும்போதே ஒருவர் ஸ்டீரிங்கை இடமும் வலமுமாகச் சற்று அசைக்கட்டும்; இன்னொருவர் முன்னால் குனிந்து டை ராட் எண்டுகளைப் பார்க்கட்டும். ராட் நகர்ந்த பிறகுதான் சக்கரம் நகர்கிறது என்றால் அந்த ஜாயின்ட் தேய்ந்துவிட்டது.

அடுத்த சோதனை மெக்கானிக் ஷெட்டில். முன் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ஆடினால், ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, மறுபடி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பெரும்பாலும் கிங்பின் பேரிங். தயவுசெய்து இதை நம் பேஸ்மென்ட் சரிவில் செய்ய வேண்டாம். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கவே கூடாது.

ஸ்பிரிங் பட்டைகளின் புஷ், யூ போல்ட் எல்லாவற்றையும் அன்றைக்கே பார்த்துவிடச் சொல்லுங்கள். டேம்பரும் அலைன்மென்ட்டும் அதற்கெல்லாம் பிறகுதான்.